ரொட்டி விலையிலிருந்து தொடங்குங்கள்

அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. வரலாறு படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, 'பசியும் வறுமையும் அரசியல் புரட்சிகளும்' என்று ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பிரான்ஸ், ரஷ்யா, சீனா, எகிப்து என்று குறிப்பு எடுத்துக்கொண்டே போகிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் 'மக்கள் பசியால் வாடினார்கள், வெகுண்டெழுந்தார்கள்' என்றே எழுத வருகிறது. அறுபது பக்கத்தை எப்படி நிரப்புவது?"

தம்பி, உங்களுக்கு வந்திருக்கும் சலிப்பு நல்ல அறிகுறி. நான்கு நாட்டுக்கும் ஒரே வாக்கியம் பொருந்துகிறது என்றால் அந்த வாக்கியத்துக்குள் சரக்கு இல்லை என்று உங்கள் கைக்கே தெரிந்துவிட்டது. பசி இல்லாத நூற்றாண்டு உலகத்தில் இருந்ததில்லை. பசித்தவர்கள் எல்லாரும் ஆட்சியைக் கவிழ்த்திருந்தால் எந்த அரச வம்சமும் இரண்டு தலைமுறை தாண்டியிருக்காது. எனவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இத்தனை காலம் பொறுத்துக்கொண்டிருந்த ஊர், குறிப்பிட்ட ஒரு வாரத்தில் மட்டும் ஏன் பொறுக்கவில்லை?

இதற்கு நான்கு நாடு வேண்டாம். ஒரே நகரம் போதும். பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1775, 1789, 1795 என்று இருபது ஆண்டுக்குள் மூன்று முறை அங்கே ரொட்டிக்காகத் தெரு கலங்கியது. முதல் முறை இரண்டு பேரைத் தூக்கில் போட்டதோடு அடங்கிப்போனது. இரண்டாம் முறை அரசாட்சியின் அஸ்திவாரமே ஆடியது. மூன்றாம் முறை கூட்டம் சட்டமன்றத்துக்குள்ளேயே புகுந்தும் தோற்றுத் திரும்பியது. ஊரும் அதே, உணவும் அதே, தெருவில் இறங்கியவர்களும் ஏறத்தாழ அதே வகை ஆட்கள். முடிவு மட்டும் மூன்று விதம். ஆய்வு செய்கிறவனுக்கு இதைவிட நல்ல வசதி கிடைக்காது.

வேலையை விலைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். பாரிஸ் தொழிலாளி வீட்டில் ரொட்டி என்பது டீயில் நனைத்துத் தின்னும் பண்டம் இல்லை, அதுதான் சோறு. நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி சாதாரண ஆண்டில் 8 அல்லது 9 சூ விற்றது. சூ என்பது அன்றைய சில்லறைக் காசு. சுமை தூக்கியும் எடுபிடி வேலை பார்த்தும் பிழைக்கிறவருக்கு நாள் கூலி 20 முதல் 30 சூ. ஞாயிறும் திருநாளும் கழித்தால் கைக்கு வருவது இன்னும் குறைவு. 1788 ஜூலை 13 அன்று பாரிஸைச் சுற்றியிருந்த வயல்களில் ஆலங்கட்டி மழை கொட்டி, அறுவடைக்கு நின்ற கதிரை நாசமாக்கியது. அடுத்து வந்த குளிர்காலத்தில் சேன் நதியே உறைந்தது. ஆறு உறைந்தால் தானியப் படகு வராது, நீரோட்டத்தில் சுழலும் மாவு ஆலையும் ஓடாது. நவம்பரில் 12 சூவாக இருந்த ரொட்டி 1789 பிப்ரவரியில் 14½ சூவைத் தொட்டு, ஜூலை வரை அங்கேயே நின்றது. 20 சூ சம்பாதிக்கிறவர் ஒரு ரொட்டி வாங்கினால் கையில் மீதி ஐந்தரை சூ. வாடகை, விறகு, விளக்கு, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதற்கு, எல்லாம் அந்த ஐந்தரைக்குள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு ரொட்டி போதவும் போதாது. இந்தக் கணக்கை இப்படியே எழுதுங்கள். 'சொல்லொணாத் துயரம்' என்ற சொல்லுக்கு அதன்பின் வேலை இருக்காது.

கணக்கு வீட்டு வாசலில் நிற்பதில்லை. எர்னஸ்ட் லப்ரூஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பதினெட்டாம் நூற்றாண்டின் விலைகளையும் வருமானங்களையும் ஆண்டுவாரியாகத் திரட்டி, 1933இலும் 1944இலும் வெளியிட்ட நூல்களில் ஒரு சங்கிலியைக் காட்டினார். கூலி முழுவதும் ரொட்டிக்கே போனால் துணி வாங்க ஆளில்லை. துணி விற்காவிட்டால் நெசவாளிக்கு வேலையில்லை. வேலை போனவருக்கு 14½ சூ என்ன, 9 சூவே எட்டாது. போதாக்குறைக்கு, 1786இல் இங்கிலாந்தோடு செய்த வணிக ஒப்பந்தத்தால் மலிவான ஆங்கிலத் துணி வேறு உள்ளே வந்துகொண்டிருந்தது. வயலில் விழுந்த ஆலங்கட்டி சில மாதத்தில் தறியை நிறுத்திவிடுகிறது. நம் மாணவர்கள் பெரும்பாலும் 'விளைச்சல் பொய்த்தது, பசி வந்தது' என்று இரண்டு படியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் தறி என்றொரு படி இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே அதற்குத் தரலாம். தலைப்பில் 'பசி', 'வறுமை' என்று இரண்டு சொல் இருக்கிறதே, அவை ஒன்றுக்கொன்று பதிலி இல்லை என்பதும் அங்கேதான் விளங்கும்.

அப்படியென்றால் விலைதான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாமா? 1775 குறுக்கே நிற்கிறது. 1774 செப்டம்பரில் நிதியைக் கவனித்த அமைச்சர் துர்கோ, தானிய வணிகத்தின் மேலிருந்த கட்டுப்பாடுகளை நீக்கினார். அந்த ஆண்டு விளைச்சலும் சரியில்லை. 1775 மே தொடக்கத்தில் பாரிஸில் அதே நான்கு பவுண்டு ரொட்டி ஏறக்குறைய 14 சூ. 1789க்கும் இதற்கும் அரை சூதான் வித்தியாசம். சுற்றியிருந்த சந்தை ஊர்களிலும் பாரிஸிலுமாக நூற்றுக்கணக்கான கலவரங்கள் நடந்தன; 'மாவுப் போர்' என்றே அதற்குப் பெயர்.

இதில் ஒரு விவரத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். கூட்டம் பல இடங்களில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஒரு பவுண்டு ரொட்டிக்கு இரண்டு சூ என்று தானே விலை வைத்து, அந்தக் காசைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு எடுத்துப் போனது. அதாவது பழைய விலை. வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1971இல் இங்கிலாந்தின் உணவுக் கலவரங்களை ஆராய்ந்தபோது இதே பழக்கத்தைக் கண்டு, அறம் சார்ந்த பொருளாதாரம் என்று அதற்குப் பெயர் கொடுத்தார். ஏழை இலவசம் கேட்கவில்லை, இன்ன பொருளுக்கு இன்ன விலைதான் முறை என்ற ஒரு கணக்கு ஊருக்குள் இருக்கிறது, அதை மீறுகிறவர்மேல்தான் கோபம் என்பது அவர் வாதம். ரேஷன் கடைக்கு 'நியாய விலைக் கடை' என்று பெயர் வைத்த நம் ஊர் அதிகாரி தாம்சனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த 'நியாய'த்துக்குள் இருப்பது இதே எண்ணம்தான்.

1775இல் அரசு ஆயிரக்கணக்கில் படையை இறக்கியது. படை சொன்னதைச் செய்தது. மே 11 அன்று கிரேவ் சதுக்கத்தில் இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். கலவரம் ஓய்ந்தது.

14 சூவில் அடங்கிய ஊர் 14½ சூவில் ஏன் அடங்கவில்லை? அந்த அரை சூவில் விடை இருக்க முடியாது. இப்போது பெரிய தாள் ஒன்றை விரியுங்கள். மேலே மூன்று ஆண்டுகளையும் எழுதி, இடப்பக்கம் விலை, கூலி, கஜானா, படை, பேச இடம் என்று ஐந்து வரி போடுங்கள். முதல் இரண்டு வரியைப் பார்த்தாயிற்று. கீழே உள்ள மூன்றில்தான் 1789 வேறாகிறது.

கஜானாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்க விடுதலைப் போருக்கு வாங்கிய கடன் ஏறி, 1788 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசு தன் கடன்காரர்களுக்கே முழுப் பணமும் ரொக்கமாகத் தர முடியாமல் கைவிரித்தது. கையில் காசில்லாத அரசால் தானியம் வாங்கிக் குவித்து விலையை இறக்க முடியாது. முயன்றார்கள், போதவில்லை.

பேச இடம் என்று நான் சொல்வது, வயிற்றுப் பாட்டை அரசியல் கோரிக்கையாக மாற்றித் தரும் மேடை. வரி போட வழி தேடிய அரசர், 1614க்குப் பிறகு கூடாத மூன்று வகுப்பாரின் பேரவையைக் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்கு முன்னோடியாக 1789 வசந்தத்தில் நாடெங்கும் ஊர் ஊராக மக்களைக் கூட்டி, குறைகளை எழுதித் தரச் சொன்னார்கள். அந்த மாதங்களில் ரொட்டி விலை என்ன என்று மேலே பாருங்கள்: 14½. ஊரிலேயே விலை உச்சத்தில் இருக்கும்போது, அரசே ஆள் அனுப்பி 'உங்கள் குறை என்ன?' என்று கேட்டு எழுதி வாங்குகிறது. உப்பு வரி, பிரபுக்களின் புறாக்கள் தின்ற விதை, தேவாலயத்துக்குக் கொடுக்கும் பங்கு எல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. குறையை எழுதிக் கொடுத்தவன் பதிலை எதிர்பார்ப்பான் அல்லவா? 1775இல் இப்படி யாரும் யாரையும் கேட்கவில்லை.

படை வரியில்தான் உங்கள் கட்டுரையின் கதைச்சுவை இருக்கிறது. 1789 ஏப்ரல் 28 அன்று, சேந்த் அந்துவான் புறநகரில் ரெவெய்யோன் என்ற சுவர்க்காகித ஆலை முதலாளியின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது. கூலியைக் குறைக்க வேண்டும் என்று அவர் பேசியதாக ஒரு வதந்தி. உண்மையில் அவர் அன்றைய நிலவரத்துக்குச் சுமாராக நல்ல கூலி கொடுத்தவர். கூட்டத்தைப் பிரெஞ்சுக் காவற்படை சுட்டுக் கலைத்தது, பலர் செத்தார்கள். பதினோரு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று பாஸ்டில் கோட்டை வாசலுக்குப் பீரங்கியை இழுத்துக்கொண்டு கூட்டத்தோடு வந்து நின்றதும் அதே காவற்படையின் வீரர்கள்தான். பாரிஸிலேயே குடியிருந்து, பாரிஸ் ரொட்டியையே தின்றவர்கள். இந்தப் பதினோரு வாரத்தில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடுங்கள். தேடுதல் உங்களைக் கள்ளுக்கடைகளுக்கும், பலே ரோயால் தோட்டத்துப் பேச்சுகளுக்கும், ஆணையை மறுத்துச் சிறையில் அடைபட்ட வீரர்களைக் கூட்டம் மீட்டு வந்த ஜூன் இரவுக்கும் கூட்டிப் போகும்.

பாஸ்டிலுக்கு முந்தின நாளைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஜூலை 13 அன்று கூட்டம் சேந்த் லசார் மடத்துக்குள் புகுந்து, அங்கே இருந்த தானியத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளில் ஏற்றி மத்தியச் சந்தைக்குக் கொண்டுபோனது. அதற்கு முந்தின இரவிலேயே, நகருக்குள் வரும் உணவுப் பொருளுக்கும் மதுவுக்கும் வரி வாங்கிய சுங்கச் சாவடிகள் எரிந்துகொண்டிருந்தன. வெடிமருந்து தேடி பாஸ்டிலுக்குப் போன கூட்டம், தானியம் தேடி வேறு கதவுகளை ஏற்கெனவே தட்டியிருந்தது.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. 'மக்கள்' என்று நீங்கள் எழுதினால் விளிம்பில் சிவப்பு மையில் 'எந்த மக்கள்?' என்று எழுதுவது என் பழைய வழக்கம். பாஸ்டிலைப் பிடித்தவர்களின் பட்டியல் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ரூடே 1959இல் வெளியிட்ட நூலில் அதைத் தொழில்வாரியாக அலசினார். தச்சர், பூட்டு செய்கிறவர், செருப்பு தைக்கிறவர், சிறு கடைக்காரர் என்று கைத்தொழில் உள்ளவர்களே மிகுதி. பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள் அல்ல. இருக்கும் நிலை கைநழுவப் போகிறது என்று பயந்தவர்களே அதிகம் வந்தார்கள் என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு தோன்றினால் சான்றோடு எழுதுங்கள், மகிழ்ச்சிதான்.

அக்டோபருக்கு வாருங்கள். அந்த ஆண்டு அறுவடை மோசமில்லை, விலையும் சற்று இறங்கியிருந்தது. ஆனாலும் ஆற்றில் நீர் குறைந்து ஆலைகள் அரைக்கவில்லை. விலை இறங்கியும் ரொட்டிக் கடை வாசலில் வரிசை நீண்டது. அக்டோபர் 5 அன்று சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மழையில் நனைந்தபடி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடந்து வெர்சாய் அரண்மனைக்குப் போனார்கள். மறுநாள் அரச குடும்பத்தை பாரிஸுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். கூடவே மாவு வண்டிகளும் வந்தன. அரசர் திரும்பி வெர்சாய்க்குக் குடிபோகவே இல்லை. பட்டியலில் விலை மட்டும் வைத்திருந்தால் இந்த நாளை உங்களால் விளக்க முடியாது. 'வரிசை' என்று ஆறாவது வரி சேருங்கள். தனித்தனி வீட்டுக்குள் கிடந்த பசி ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வது வரிசையில்தான். வதந்தி விளைவதும் அங்கேதான்.

ரஷ்யாவை விட மனமில்லை என்றால் இந்த ஓர் இடத்தில் மட்டும் கொண்டுவாருங்கள். 1917 தொடக்கத்தில் ரஷ்யாவில் தானியமே இல்லாமல் போகவில்லை. போரால் ரயில் போக்குவரத்து குலைந்து தலைநகர் பெட்ரோகிராடுக்கு வந்து சேரவில்லை. பணத்துக்கு மதிப்புக் குறைந்ததால் விவசாயியும் விற்கத் தயங்கினான். கடுங்குளிரில் மணிக்கணக்காக ரொட்டிக்கு நின்ற பெண்களைப் பற்றி ரகசிய போலீஸே மேலிடத்தை எச்சரித்திருந்தது. பங்கீடு வரப்போகிறது என்ற வதந்தியில் வரிசை இன்னும் நீண்டது. புதிய நாட்காட்டிப்படி மார்ச் 8, உழைக்கும் பெண்கள் தினம். அன்று துணி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். மாவு போதிய அளவு இருக்கிறது என்று நகரப் படைத்தலைவர் சுவரொட்டி ஒட்டினார். யார் நம்புவார்கள்? மார்ச் 12 அன்று காவற்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாக மக்கள் பக்கம் சாய்ந்தன. மார்ச் 15 அன்று ஜார் முடி துறந்தார். ஒரே வாரம். உங்கள் பட்டியலில் படை வரி மறுபடியும் பேசுகிறது.

மீண்டும் பாரிஸ், 1795. முன் இரண்டு முறையையும்விடக் கொடிய பசி இதுதான். விலை உச்சவரம்புச் சட்டத்தை 1794 டிசம்பரில் நீக்கியிருந்தார்கள், காகிதப் பணம் மதிப்பிழந்துகொண்டே போனது, குளிரும் கடுமை. வசந்தத்தில் ரொட்டிப் பங்கு சில நாள் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் வரை இறங்கியது. மே 20 அன்று கூட்டம் சட்டமன்றத்துக்குள் புகுந்தது. ஓர் உறுப்பினரைக் கொன்று தலையை ஈட்டியில் ஏந்தியது. கேட்டது ரொட்டியும் 1793ஆம் ஆண்டு அரசியல் சட்டமும். மூன்றே நாளில் படை சேந்த் அந்துவான் புறநகரைச் சூழ்ந்து ஆயுதங்களைப் பறித்துவிட்டது. இந்த முறை படை சட்டமன்றத்தின் கையில் உறுதியாக இருந்தது. புரட்சிக்காரர்கள் கூடிப் பேசிய ஜேக்கபின் கழகத்தை ஏற்கெனவே மூடிவிட்டார்கள், பேச இடமில்லை. விலை வரியில் மிக மோசமான ஆண்டு, முடிவு வரியில் தோல்வி. இந்த ஓர் ஆண்டு கையில் இருந்தால், பசி ஏற ஏறப் புரட்சி நெருங்கும் என்று சொல்லும் எந்தத் தேர்வாளரையும் நீங்கள் சமாளிக்கலாம்.

வெடிக்காத பசிக்கும் ஓர் அத்தியாயம் வையுங்கள். இது நம் வீட்டுக் கதையும்கூட. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. ஆட்சி அசையவில்லை. 1943இல் வங்கத்தில் செத்தவர்கள் முப்பது லட்சம் வரை என்கிறார்கள். கல்கத்தா நடைபாதையில், சரக்கு இருந்த கடைகளுக்கு எதிரிலேயே, கிராமத்திலிருந்து வந்தவர்கள் விழுந்து செத்தார்கள். அமர்த்திய சென் 1981இல் எழுதிய நூலில், உணவு இல்லாமையைவிட உணவைப் பெறும் வழி அடைபட்டதே காரணம் என்று வாதிட்டார். நீங்கள் இன்னோர் உண்மையையும் சேர்த்துப் பாருங்கள்: கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலை அரிசிக்கு அரசும் முதலாளிகளும் ஏற்பாடு செய்திருந்தார்கள். வேலையை நிறுத்தினால் போர்க்காலத்தில் வலிக்கும் என்பவர்களுக்குச் சோறு போய்ச் சேர்ந்தது. நிலமற்ற கூலிக்காரரும் மீனவரும் விடப்பட்டார்கள். பட்டினி முற்றினால் உடம்பு எழுந்து நிற்காது. குடும்பம் கஞ்சித் தொட்டி இருக்கும் திசையில் நடக்குமே தவிர அரண்மனை இருக்கும் திசையில் நடக்காது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். 1848இல் அங்கே நடந்த கிளர்ச்சி ஒரு விதவையின் வீட்டைச் சுற்றிய சிறு மோதலோடு முடிந்தது.

இதற்கு எதிர்ப்புறம் இலங்கை, 1953. அங்கே யாரும் பட்டினியால் வீதியில் விழவில்லை. கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலை சரிந்து அரசுக்குக் காசு முட்டியது. ரேஷன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து ஒரேயடியாக 70 சதமாக்கினார்கள். பள்ளி மதிய உணவிலும் கைவைத்தார்கள். இடதுசாரிகள் அழைத்த ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் ரயில் நின்றது, சாலைகள் அடைபட்டன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி விலகினார். அவருடைய கட்சி ஆட்சியில் தொடர்ந்தது, ஆகவே இதைப் புரட்சி என்று எழுதாதீர்கள். ஆனால் பட்டியலில் போட்டுப் பாருங்கள்: விலை ஒரே நாளில் எகிறியது, யார் ஏற்றினார் என்பது எல்லாருக்கும் தெரியும், அழைப்பு விடுக்கத் தொழிற்சங்கம் இருந்தது. மழை பொய்த்தால் வானத்தைத் திட்டலாம். 70 சதத்துக்கு வானத்தைத் திட்ட முடியாது.

இனி சில்லறை விஷயங்கள். அரசி மரி அந்துவானெத் 'ரொட்டி இல்லையென்றால் கேக் தின்னட்டும்' என்றாள் என்று எழுதினால் ஐந்து மதிப்பெண்ணைக் குறைப்பேன். பெயர் சொல்லாமல் ஓர் இளவரசியின் தலையில் அந்தப் பேச்சைக் கட்டி ரூசோ தன் வரலாற்றில் எழுதிய காலத்தில் மரி அந்துவானெத் வியன்னாவில் இருந்த சிறுமி. ஆனால் வதந்திகளை மொத்தமாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். பசித்தவர்கள் வைக்கோல் தின்னட்டும் என்று சொன்னதாகப் பேசப்பட்ட அதிகாரி ஃபூலோனை 1789 ஜூலை 22 அன்று கூட்டம் கொன்று, வாயில் வைக்கோலைத் திணித்தது. அவர் அப்படிச் சொன்னாரா என்பது ஒரு கேள்வி. சொல்லியிருப்பார் என்று ஊர் ஏன் நம்பியது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கேள்வி.

அப்புறம், பாரதியின் அந்த வரியோடு தொடங்காதீர்கள். எந்த வரி என்று உங்களுக்கே தெரியும். இந்தத் தலைப்பில் என் கைக்கு வந்த கட்டுரைகளில் பாதிக்குமேல் அதில்தான் தொடங்கின.

ஆறு வரிப் பட்டியலை நிரப்பியபின் முதல் மூன்று பக்கத்தை எழுதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஏதாவது கட்டத்துக்கு எண் கிடைக்காவிட்டால் காலியாகவே விட்டு அனுப்புங்கள். எந்த நூலகத்தில் தேடலாம் என்று அதிலேயே குறித்துத் தருகிறேன்.